மூச்செட்டும் தூரம்

சம்யுக்தாவுக்கு மூன்றாவது கருவும் தங்கவில்லை. முதல் இரண்டும் கலைந்தபோது வாய்விட்டு அழுதவள், இந்த முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புருஷன் பிரணவ் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. அம்மா பூங்கொடி ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, உருட்டி, வாயருகே கொண்டுபோனபோதுதான் ஒரு வாய் வாங்கினாள்.

"எனக்குள்ள என்னமோ சரியில்லம்மா," என்றாள்.

"உனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. அடுத்தது நிக்கும் பாரு."

சொல்லிவிட்டாளே தவிர, பூங்கொடிக்கே அதில் நம்பிக்கை இல்லை. எடுக்காத ஸ்கேன் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. புருஷன் பெண்டாட்டி இருவரிடமும் ஒரு குறையும் இல்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். குறை இல்லாமலே ஒரு குறை எப்படி வரும் என்று யாரும் சொல்லவில்லை.

பூங்கொடி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். புருஷன் விபத்தில் போனபின் ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்து பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பினாள். அப்புறம்தான் சூலகத்தில் புற்று வந்தது. கண்டுபிடித்தபோது அது வயிறு முழுக்கப் பரவியிருந்தது. கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்தும் அடங்கவில்லை. சம்யுக்தா வேலையை உதறிவிட்டு ஓடிவந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ஒரே கட்டிலில் அவள் மேல் கை போட்டுப் படுத்துக் காவல் காத்தாள். எல்லோரும் கைவிட்ட நேரத்தில் கோயம்புத்தூரில் டாக்டர் ஷமீமா ஒரு புது வைத்தியம் சொன்னார். பூங்கொடி பிழைத்தாள். சும்மா பிழைக்கவில்லை, பழையபடி வேலைக்குப் போகும் அளவுக்குப் பிழைத்தாள். அம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று சம்யுக்தா பிடிவாதமாக நின்றதால், கல்யாணத்துக்குப் பிறகு பிரணவே இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

வருஷா வருஷம் நடக்கும் பரிசோதனைக்குப் பூங்கொடி அடுத்த வாரம் கோவைக்குப் போனாள். டாக்டர் ஷமீமா எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். ஆனால் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"வீட்ல உங்களோட யார் யார் இருக்காங்கம்மா?"

"மகளும் மாப்ளையும்ங்க."

"மகளுக்குக் குழந்தை இருக்கா?"

 "மூணு தடவை நின்னுது, மூணும் போச்சுங்க," என்றாள் பூங்கொடி. "ஏனுங்க டாக்டர், இதையெல்லாம் இதுக்கு முன்னால கேட்டதில்லீங்களே?"

டாக்டர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு என்ன குடுத்தோம்னு ஞாபகம் இருக்கா?"

"சின்ன ஆர்.என்.ஏன்னு சொன்னீங்க. ஈரல்ல ஒருக்கா ஏத்திட்டா காலத்துக்கும் அதுவே ஊறிக்கிட்டு இருக்கும்னீங்க. அதுக்கு மேல எனக்குப் புரியலீங்க."

"கம்பெனியில உங்க வேலை என்ன?"

"செக்கிங்ங்க."

"பனியன் தைப்பீங்களா?"

"நாங்க எங்கீங்க தைக்கறோம். கோளாறா வந்தா அக்கட்ட போகாம நிறுத்திருவோம்."

"இதுவும் அப்படித்தான். உடம்புல புரோட்டீன் செய்ய வைக்கிற ஆர்.என்.ஏ வேற. இந்தச் சின்னது ஒண்ணையும் செய்யாது. இதைச் செய், அதைச் செய்னு செல்லுக்குள்ள போற உத்தரவை நடுவழியில பிடிச்சு நிறுத்தும். ரொம்ப காலம் நாங்க இதையெல்லாம் குப்பைன்னு நெனச்சு ஒதுக்கியிருந்தோம்." அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினார். "புத்து இருந்த இடத்திலேயே இருந்தா ஆளைக் கொல்லாதும்மா. பக்கத்துல தோண்டிட்டுப் போய் வேர் விடுது பாருங்க, அதுதான் கொல்லுது. அந்தத் தோண்டற உத்தரவைத்தான் உங்களுக்குள்ள நிறுத்தி வெச்சிருக்கோம். ஆனா அந்த வித்தை புத்தோட சொந்த வித்தை இல்ல. எடுத்துக்கிட்டது. கரு உண்டானதும் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையைத் தோண்டித்தான் வேர் விட்டாகணும். அதே வித்தை. அதே உத்தரவு."

"எனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லீங்களே டாக்டர்."

"உங்களுக்கு இல்லம்மா."

பூங்கொடிக்கு அப்போதும் பிடிபடவில்லை. டாக்டர் மெல்ல மெல்லச் சொன்னார். ஈரலில் ஊறுகிற அந்தச் சின்ன ஆர்.என்.ஏ கொழுப்புப் பொட்டலங்களில் சுருண்டு ரத்தத்தோடு சுற்றுகிறது. அங்கேயே நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். எச்சிலில், வேர்வையில், மூச்சில்கூட அது வெளியே வருவது இப்போதுதான் தெரிகிறது. ஒரே வீட்டில், ஒரே தட்டில், வருஷக்கணக்கில் கூட இருப்பவர்களுக்குள்ளும் அது போய்விடுகிறது.

"இந்த வைத்தியத்துல பொழைச்சவங்க வீடு ஒவ்வொண்ணா விசாரிச்சிட்டு இருக்கேன்," என்றார். "அந்த வீடுகள்ல குழந்தை பொறக்கலம்மா."

தன் கையால் பிசைந்து ஊட்டிய சோறு பூங்கொடியின் கண்முன் வந்து நின்றது. கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

குடும்பத்தில் எல்லோருக்கும் வழக்கமாக எடுப்பதுதான் என்று பொய் சொல்லி மகளைக் கூட்டிவந்து ரத்தம் எடுக்கவைத்தாள். இருந்தது. டாக்டர் ஷமீமா அதைப் போனில் சொன்னபோது பூங்கொடி கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குள்ள இருக்கறத எடுத்துப் போட்டுருங்க."

"எடுக்க மருந்து இருக்கு. எடுத்தா புத்து திரும்பும்."

"திரும்பட்டுங்க. இருந்த வரைக்கும் போதும்."

"நான் குடுக்கமாட்டேம்மா. நல்லா இருக்கற ஆளுக்கு நோயைக் குடுக்க என்னால ஆகாது."

"அப்ப அவளுக்காச்சும் குடுங்க."

"நீங்க பக்கத்துல இருக்கறவரைக்கும் குடுத்துப் பிரயோஜனம் இல்ல. அவங்களுக்குள்ள அது ஊறல, உங்ககிட்டயிருந்துதான் வருது. நீங்க தள்ளி இருந்தா ஒரு வருஷத்துல தானா வடிஞ்சிரும்." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "மகளுக்கு இதைச் சொல்லணும். நான் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. நானே பக்குவமாச் சொல்லிக்கறனுங்க."

அவள் சொல்லவில்லை. சொன்னால் சம்யுக்தா என்ன செய்வாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். குழந்தையே வேண்டாம், நீ இரு என்பாள். பெங்களூர் வேலையை உதறியவள் இதையும் உதறுவாள். பெற்றவள் உயிரோடு இருப்பதற்குப் பெண் எத்தனையைத்தான் கொடுப்பாள்? ஆகவே, கம்பெனி தூத்துக்குடியில் புது யூனிட் போட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளத் தன்னைக் கேட்கிறார்கள் என்றாள். புது யூனிட் நிஜம். அவளை யாரும் கேட்கவில்லை; அவள்தான் முதலாளியிடம் போய்க் கெஞ்சி வாங்கினாள்.

"நான் இப்படிக் கெடக்கறப்ப என்னை விட்டுட்டுப் போறயாம்மா?"

"வேலைன்னா போய்த்தான ஆவணும்."

"எத்தனை நாளைக்கு?"

"பாக்கலாம்."

சம்யுக்தா பஸ் ஏற்றிவிட வரவில்லை. பிரணவ் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "என்கிட்டயாவது சொல்லுங்கத்தை, நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டனா?" என்று கேட்டான். "நீங்க தங்கம் மாப்ள," என்றாள் பூங்கொடி. அதற்கு மேல் பேசினால் உடைந்துவிடுவோம் என்று பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தூத்துக்குடியில் மொட்டைமாடியில் ஒற்றை அறை எடுத்தாள். தானே சமைத்துத் தானே சாப்பிட்டாள். வீடியோவில் மகள் முகத்தைப் பார்ப்பதோடு சரி. அதுவும் முதல் சில மாதங்கள் சம்யுக்தா பாதிப் பேச்சில் அணைத்துவிடுவாள்.

அங்கேயும் நிம்மதி கிடைத்துவிடவில்லை. செக்கிங் மேசையில் அவளுக்கு எதிரே ஜெபமலர் என்று ஒரு பெண். கல்யாணமாகி ஆறேழு மாதம் ஆகியிருக்கும். தனியாளாக இருக்கிறாளே என்று இரக்கப்பட்டுத் தினமும் மீன் குழம்பு கொண்டுவருவாள். பூங்கொடி குடித்த டம்ளரிலேயே மோந்து குடிப்பாள். ஒருநாள் பூங்கொடி அந்த டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்து, "உனக்குன்னு ஒரு டம்ளர் இல்லயா?" என்று எல்லோர் முன்பும் சத்தம் போட்டாள்.

ஜெபமலரின் முகம் விழுந்துவிட்டது. "சாதி பாக்கியளாக்கா?" என்று மட்டும் கேட்டாள். பூங்கொடி அடுத்த பனியனை எடுத்து விரித்தாள். அந்தப் பழியை வாங்கிக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

தூத்துக்குடிக்கு வந்து ஒரு வருஷம் கழிந்தபோது விஷயம் டிவியில் வந்துவிட்டது. கர்ப்பப்பையைப் பூட்டிவிடுகிறார்கள் என்று, பிழைத்தவர்களுக்கு ஊர் 'பூட்டுக்காரர்கள்' எனப் பெயர் வைத்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால், உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த வைத்தியம் நடந்ததா என்று கேட்டார்கள். வாடகை வீடுகளில் காலி செய்யச் சொன்னார்கள். எங்கோ ஓர் ஊரில் மருமகள் பிறந்தவீடு போய்விட, அந்த வைத்தியத்தில் பிழைத்த மாமனார் ஒருவர் கிணற்றில் விழுந்தார். ஜெபமலர் டிவி பார்த்திருக்க வேண்டும். மறுநாள் வந்து எதிரே உட்கார்ந்தவள், பூங்கொடியை நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் ஸ்டூலைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த மட்டில் அவள் நல்ல பெண்.

திருப்பூரில் சம்யுக்தாவும் அதே டிவியைத்தான் பார்த்தாள். அன்றைக்குப் போன் வந்தது.

"அதுக்குத்தான் போனயா?"

"ஆமா கண்ணு."

 போனில் சம்யுக்தாவின் மூச்சு கேட்டது. பிறகு, "எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கும்மா," என்றாள்.

இந்தக் கரு நின்றது. மூன்று மாதம் கடந்தது. நான்கும் கடந்தது. ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தை விரல் சூப்புவதைப் பிரணவ் அனுப்பியிருந்தான். பூங்கொடி அதைச் செக்கிங் மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கைம்பெண் என்பதால் யாரும் விலக்கவில்லை, நோயாளி என்றும் விலக்கவில்லை. அந்த மாதமே நடந்த தன் பெண்ணின் வளைகாப்புக்கு அவள் தானாகத்தான் போகவில்லை. வளையல் மட்டும் வாங்கி, சோப்பு நீரில் கழுவித் துடைத்து அனுப்பினாள்.

வளைகாப்பு முடிந்த சில வாரத்தில் டாக்டர் ஷமீமா கூப்பிட்டார். நேரில் வரச் சொன்னார்.

கோவையில் அதே அறை. டாக்டர் அவளை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார். சம்யுக்தாவுக்கு மார்பில் கட்டி. சோதித்துப் பார்த்தாயிற்று, புற்றுதான். அம்மாவுக்கு வந்ததன் வேர் எந்த ஜீனில் இருந்ததோ, அதே ஜீன் மகளுக்கும் இருந்திருக்கிறது.

"ரெண்டு வருஷம் முன்னால எடுத்து வெச்சிருந்த ரத்தத்தை மறுபடி சோதிச்சுப் பாத்தேன். அப்பவே புத்து இருந்திருக்கும்மா. மொளை விடாம இருந்திருக்கு. உங்ககிட்டயிருந்து போனதுதான் அதைத் தூங்க வெச்சிட்டு இருந்திருக்கு."

"நான் தள்ளிப் போனதும்..."

"நீங்க போனது தப்பில்ல. நான்தான் அன்னைக்கு அந்த ரத்தத்துல ஒண்ணைத் தேடினேன். அது கிடைச்சதும் நிறுத்திட்டேன். வேற எதையும் தேடல."

பூங்கொடிக்கு டாக்டர் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"எனக்குக் குடுத்ததையே அவளுக்கும் குடுங்க."

"இப்பக் குடுத்தா நஞ்சுக்கொடி விட்டுரும். குழந்தை தங்காது."

"வேற மருந்து?"

"பழைய கீமோ ஆரம்பிச்சிருக்கோம். இந்த ரகம் அதுக்கு அவ்வளவாக் கேக்கறதில்ல."

"நான் போய் அவ பக்கத்துல இருந்துக்கட்டுங்களா? முன்ன மாதிரி?"

"இருந்தீங்கன்னா கட்டி கொஞ்சம் அடங்கலாம். குழந்தையும் போயிரும்."

சம்யுக்தாவை அதே ஆஸ்பத்திரியில் மேல்மாடியில் வைத்திருந்தார்கள். அறைக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. பூங்கொடி அதற்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வற்றி, வயிறு மட்டும் உருண்டு நின்றது. இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள்.

"உள்ள வரட்டுமா சாமி?"

"வராதம்மா."

"நீ இருந்தா இன்னொண்ணு பெத்துக்கலாம்."

"இன்னொண்ணு நிக்குமா? நீ பக்கத்துல இருந்தா நிக்காது. நீ தள்ளிப் போனா எனக்கு இது வரும். சுத்திச் சுத்தி இங்கதாம்மா வந்து நிக்கணும்."

பூங்கொடி கண்ணாடியில் கை வைத்தாள். "எல்லாம் நான் உசுரோட இருக்கறதால வந்த வெனை."

"அப்படிச் சொல்லாத. நீ உசுரோட இருக்கணும்னு வேண்டிக்கிட்டது நான்தான்." சம்யுக்தா வயிற்றைத் தடவிக்கொண்டாள். அப்புறம் குரல் மாறியது. "ஆனா நீ என்னைக் கேட்டிருக்கணும். என் உடம்பும்மா அது. டாக்டரும் நீயும் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசி முடிச்சிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

சம்யுக்தா வெகுநேரம் யோசித்தாள்.

"தெரியல," என்றாள். "ஆனா, தெரியலன்னு சொல்றதுக்காச்சும் எனக்கு ஒரு நேரம் இருந்திருக்கும்."

பூங்கொடி ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கினாள். தினமும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பாள். மகள் விழித்திருந்தால் பேசுவார்கள். இல்லாவிட்டால் நின்று பார்த்துவிட்டுப் போவாள். கட்டி அக்குளுக்குப் பரவியது, பிறகு எலும்புக்கு. வலி வந்து மகள் சுருண்டுகொள்ளும்போது, உள்ளே பிரணவும் நர்சும் பிடித்துக்கொள்வார்கள். பூங்கொடி தன் விரல்களைத் தானே பிசைந்துகொண்டு நிற்பாள். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை, தள்ளினால் திறந்துகொள்ளும். அந்தக் கதவைத் தள்ளாமல் நிற்பதைவிடக் கஷ்டமான வேலையை அவள் ஆயுளில் செய்ததில்லை. சில சமயம், குழந்தை போனால் போகட்டும் என்று கை கதவுவரைக்கும் போய்விடும். அப்போது மகள் கண்ணைத் திறந்து பார்ப்பாள். கை திரும்பி வந்துவிடும்.

எட்டாம் மாதத்தில் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பெண். கைப்பிடி அளவுதான் இருந்தது, ஆனால் அழுதது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து வேறு மாடிக்குக் கொண்டுபோனார்கள். அதே வாரம், அம்மாவைப் பிழைக்கவைத்த வைத்தியத்தை மகளுக்கும் ஏற்றினார்கள். ஏற்றியது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து முடிக்கும்வரை பூங்கொடியிடமிருந்து ஒரு துளியும் கலக்கக் கூடாது என்று டாக்டர் அவளைக் கண்ணாடிக்கு வெளியேயே நிறுத்தினார். பூங்கொடி முதல்முறையாகக் கோனியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாள். தனக்கு எப்படி ஒவ்வொரு வாரமும் வயிற்று நீர் வற்றியது, பசி எடுத்தது என்பதையெல்லாம் பிரணவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "எனக்கே கேட்டுச்சு மாப்ள. அவ சின்ன வயசு."

ஒரு மாதம் போயிற்று. அன்று சாயங்காலம் அவள் கண்ணாடிக்கு வெளியே வழக்கமான இடத்தில் நின்றிருந்தபோது டாக்டர் ஷமீமா வந்தார்.

"உள்ள போங்கம்மா," என்றார். "இனிமே நீங்க தாராளமா பக்கத்துல இருக்கலாம்."

 இரண்டு வருஷமாகப் பூங்கொடி கேட்கக் காத்திருந்த வார்த்தை. டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கேட்டுருச்சுங்களா டாக்டர்? கொறைஞ்சிருச்சுங்களா?" என்றாள்.

டாக்டர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"இல்லம்மா. கேக்கல. இத்தனை வருஷம் உங்ககிட்டயிருந்து துளித்துளியாப் போனது அதைத் தூங்க வைக்கிற அளவுதான் இருந்துச்சு, கொல்ற அளவு இல்ல. அரைகுறை மருந்து மாதிரி. புத்து அதுக்குப் பழகிடுச்சு. இப்ப முழுசாக் குடுத்தும் அது சட்டை பண்ணல." சற்று நிறுத்தி, "நீங்க பக்கத்துல இருக்கறதால இனி ஒண்ணும் ஆகப்போறதில்ல. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. அதான் போகச் சொல்றேன்," என்றார்.

கதவு தள்ளியவுடன் திறந்துகொண்டது.

பூங்கொடி கட்டிலில் ஏறி உட்கார்ந்து மகளின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சம்யுக்தா கண்ணைத் திறக்காமலே முகத்தை அம்மாவின் வயிற்றுப் பக்கம் புதைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள்.

"உன் வாசனை மறந்தே போச்சும்மா."

 ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை எடை கூடியிருப்பதையும், நாளை மறுநாள் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பார்கள் என்பதையும் பூங்கொடி சொன்னாள். சம்யுக்தா சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"அவளுக்கும் அந்த ஜீன் இருக்காம்மா? பாத்துட்டாங்களா?"

பூங்கொடி ஆமென்று தலையை அசைத்தாள். மகள் கண்ணை மூடியிருப்பது நினைவுக்கு வந்து, "இருக்கு சாமி," என்றாள்.

"பிரணவால தனியா முடியாது. நீதான் வருவ. எனக்குத் தெரியும்." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவள் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "எனக்குப் பண்ண மாதிரி அவளுக்குப் பண்ணாத. அவளுக்குத் தெரியாம நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க. அவ வளந்ததும் எல்லாத்தையும் சொல்லு. நீ கூட இருக்கறதா, தள்ளி இருக்கறதான்னு அவளைக் கேளு. அவ சொல்றபடி செய்."

"சரி கண்ணு. கேக்கறேன்."

சம்யுக்தாவின் விரல்கள் அம்மாவின் சேலையைப் பிடித்திருந்தன. பூங்கொடி மகளின் நெற்றியை வருடிக்கொண்டே இருந்தவள், திடுக்கிட்டதுபோல் குனிந்தாள்.

"அவ வளர்ற வரைக்கும், சம்யு? அதுவரைக்கும் நான் கூட இருக்கறதா, தள்ளி இருக்கறதா?"

சம்யுக்தா தூங்கிப்போயிருந்தாள். பூங்கொடி அவளை எழுப்பவில்லை.